தூர் வாரியது 4,964 கிலோமீட்டர், சரி. கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?

2022ல் காவிரி டெல்டா மாவட்டங்களில் 80 கோடி ரூபாய் செலவில் 4,964 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறுகளும் வாய்க்கால்களும் தூர் வாரப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு 65.11 கோடியில் 4,061 கிலோமீட்டர். செய்திக்குறிப்பில் இந்த எண்கள் அழகாக இருக்கும். வாய்க்கால் முடிகிற கடைமடையான நாகை மாவட்டத் தலைஞாயிறு பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இதைப் படித்துக் காட்டிப் பாருங்கள். கேட்பவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, எங்க வாய்க்காலுக்குத் தண்ணி என்னைக்கு வந்துச்சு?" என்பார்.

பொதுக் கொள்கையைப் பகுத்துப் பார்க்கவும் மதிப்பிடவும் கற்றுத் தரும் படிப்புகள் இப்போது நிறைய வந்துவிட்டன. எந்தப் பாடத்திட்டத்தை எடுத்தாலும் முதல் சில வகுப்புகளில் நடத்துவது இந்த டீக்கடைக் கேள்வியைத்தான். என்ன, கொஞ்சம் வேறு சொற்களில் நடத்துவார்கள். ஒதுக்கிய பணமும் வாடகைக்கு எடுத்த பொக்லைனும் உள்ளீடு. தூர் வாரிய கிலோமீட்டர் வெளியீடு. கடைமடை வயலில் தண்ணீர் ஏறிய நாள் விளைவு. அதனால் ஒரு குடும்பம் கூடுதலாக ஒரு போகம் எடுத்ததா, வட்டிக்கு வாங்குவது குறைந்ததா என்று பார்த்தால் அது தாக்கம்.

துறைகள் பெரும்பாலும் இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகின்றன. அதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. கிலோமீட்டரை டேப் பிடித்து அளக்கலாம், பில் போடலாம், தணிக்கைக்காரர்களிடம் காட்டலாம். தண்ணீர் வந்த நாளுக்கு, வாய்க்காலையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் லஸ்கரின் ஞாபகமும் விவசாயியின் கோபமும்தான் சாட்சி. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள் ஆகும். அதற்கப்புறம் வெண்ணாறு, கிளை ஆறு, பெரிய வாய்க்கால், சின்ன வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து போகும்போது எந்த ஷட்டரில் எத்தனை நாள் நின்றது என்று தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தணிக்கை என்பது பணம் விதிப்படி செலவானதா என்று பார்ப்பது. கண்காணிப்பு என்பது வேலை நடந்துகொண்டிருக்கிறதா என்று பார்ப்பது. கொள்கைப் பகுப்பாய்வு திட்டம் வருவதற்கு முன்னால் நடப்பது: பிரச்சினை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதற்கு எவ்வளவு ஆகும், யாருக்கு இலாபம், யார் தலையில் விடியும். மதிப்பீடு திட்டம் நடந்த பிறகு, அல்லது நடக்கும்போதே, அதனால் ஏதாவது மாறியதா என்று கேட்பது. நம் ஊர்ப் பேச்சில் நாலுக்கும் 'ஆய்வு' என்றே பெயர். "ஆட்சியர் ஆய்வு செய்தார்" என்ற செய்தியில் இது எந்த ஆய்வு என்று கண்டுபிடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

'ஏதாவது மாறியதா' என்பது கேட்கச் சுலபமான கேள்வி. பதில் சொல்வதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது. டெல்டாவில் அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது, ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல் பருவமான குறுவைக்கான சாகுபடித் தொகுப்புத் திட்டம்.

2021ல் இந்தத் திட்டத்தை அரசு 61.09 கோடி ரூபாயில் அறிவித்தது. மானியத்தில் விதைநெல், இலவசமாக யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ். அந்த ஆண்டு குறுவைப் பரப்பு ஏறக்குறைய 4.9 லட்சம் ஏக்கர். 2022ல் திட்டம் தொடர்ந்தது, பரப்பு 5.36 லட்சம் ஏக்கராக உயர்ந்தது. தொகுப்பு கொடுத்தோம், பரப்பு கூடியது, திட்டம் வெற்றி. மேடையில் இப்படித்தான் சொல்வார்கள், கைதட்டலும் கிடைக்கும்.

மதிப்பீடு படித்தவர் இந்த இடத்தில் மேட்டூர் அணையின் திறப்புத் தேதியை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020ல்தான் மறுபடி ஜூன் 12ல் திறந்தார்கள். 2021லும் அதே நாள். 2022ல் அணை முன்கூட்டியே நிரம்பி வந்ததால் மே 24லேயே திறந்துவிட்டார்கள். பரப்பு கூடிய ஆண்டுகள் எல்லாம் தண்ணீர் நேரத்துக்கு வந்த ஆண்டுகள். அப்படியானால் குறுவையைக் கூட்டியது இலவச யூரியாவா, காவிரியா?

அடுத்து நடந்ததையும் பாருங்கள். 2023ல் ஜூன் 12ல் திறந்தார்கள், தொகுப்பும் இருந்தது. ஆனால் கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய தண்ணீர் வரவில்லை, கருகிய குறுவையைக் காப்பாற்ற முடியவில்லை, அக்டோபர் 10ல் அணையை மூடினார்கள். 2024ல் ஜூனில் திறக்கவே தண்ணீர் இல்லை, ஜூலை 28ல்தான் திறந்தார்கள். தொகுப்பு மட்டும் அந்த ஆண்டும் அறிவிக்கப்பட்டது, 78.67 கோடி ரூபாயில். ஜூனில் அணை திறக்காத ஆண்டில் குறுவைத் தொகுப்பு யாருக்குப் போகும்? போர்வெல், பம்புசெட் வைத்திருப்பவருக்கு. அவரோ தொகுப்பு வந்தாலும் வராவிட்டாலும் குறுவை போடுகிறவர். அவர் வாங்கியது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உதவி ஒரு குழி நிலத்தைக்கூடப் புதிதாகக் குறுவைக்குள் கொண்டுவந்திருக்காது.

வகுப்பில் இதற்கு நீளமான பெயர்கள் உண்டு. சாரம் ஒரு வரிதான்: இந்தத் திட்டம் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நடந்ததை எண்ணலாம். நடக்காமல் போனதை எண்ண முடியாது, ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகத்தை நாணயமாகச் செய்வதற்கான வழிகளைக் கற்பதில்தான் இந்தப் படிப்பின் பாதிக் காலம் போகிறது.

வழிகளில் ஒன்று குலுக்கல். ஒரே மாதிரியான 200 கிராமங்களை எடுத்து, சீட்டு எடுத்து, 100 கிராமத்துக்கு மட்டும் திட்டத்தைக் கொடுத்துப் பார்ப்பது. 2019ல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவரும் பொருளாதார நோபல் வாங்கியது இந்த முறையை வறுமை ஒழிப்புக்குக் கொண்டுவந்ததற்காக. அவர்கள் சார்ந்த ஜே-பால் என்ற வறுமை ஒழிப்பு ஆய்வு அமைப்போடு தமிழக அரசு 2014லேயே ஒப்பந்தம் போட்டிருக்கிறது. பள்ளிக் கல்வியிலும் சுகாதாரத்திலும் இது நன்றாக வேலை செய்கிறது. வாய்க்கால் பாசனத்தில் சிக்கல். மேல் மடைக்குத் திட்டம் கொடுத்துவிட்டுக் கீழ் மடையை 'ஒப்பீட்டுக் கிராமம்' என்று சும்மா விட்டால், மேலே எடுக்கிற ஒவ்வொரு சொட்டும் கீழே குறையும். நீங்கள் அளப்பது திட்டத்தின் பலனையா, கீழ்மடையின் நஷ்டத்தையா என்று தெரியாது. இதைப் பாடப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை, தண்ணீரை முறைபோட்டு விடும் முறைப்பாசனம் வைத்த ஒரு கோடையில் வாய்க்கால் தலைப்பில் ஒரு ராத்திரி நின்றால் போதும்.

இன்னொரு வழி, திட்டம் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் வராததைப் பயன்படுத்திக்கொள்வது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25ல் நாகை மாவட்டம் திருக்குவளையில் வைத்து மாநிலம் முழுதும் விரிவாக்கினார்கள். இடைப்பட்ட ஓராண்டு, முதலில் கிடைத்த பள்ளியும் பிறகு கிடைத்த பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த காலம். வருகைப் பதிவேடு இரண்டு பள்ளியிலும் இருக்கிறது. முதல் பள்ளிகளைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால் இரண்டின் வருகையையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. இதில் எவ்வளவு ஏறியது, அதில் எவ்வளவு ஏறியது என்று ஏற்றங்களை ஒப்பிட வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு எல்லாப் பள்ளியிலுமே வருகை ஏறியதே, அந்தப் பங்கு இதில் கழிந்துவிடும்.

கணக்குப் பாடம் இதோடு போதும். எவ்வளவு நுட்பமான முறையாக இருந்தாலும் அதற்கு அடியில் யாரோ ஒருவர் வயலிலோ வீட்டுத் திண்ணையிலோ எடுத்த ஓர் அளவு இருக்கிறது. அது பிசகினால் மேலே கட்டியது அத்தனையும் பிசகும். பயிர் அறுவடைப் பரிசோதனையை ஒருமுறை வரப்பில் நின்று பார்த்தபோதுதான் இது எனக்கு முழுசாக உறைத்தது.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016ல் வந்தது. நெல்லுக்கு விவசாயி கட்டும் பிரீமியம் காரிஃப் எனும் மழைக்காலப் பருவத்தில் 2 சதவீதம், ராபி எனும் குளிர்காலப் பருவத்தில் 1.5 சதவீதம். இழப்பீடு தனி ஆளின் வயலைப் பார்த்து வருவதில்லை, வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலைப் பார்த்து வரும். அந்தச் சராசரி கிராமத்துக்கு நாலு இடத்தில் அறுத்து எடை போடுவதிலிருந்து வருகிறது. எந்த சர்வே எண் என்பதைக் குலுக்கலில் எடுப்பார்கள். வயலில் இறங்கியதும் தென்மேற்கு மூலையில், நம் ஆட்கள் கன்னி மூலை என்பார்களே அங்கே நின்று, சீட்டில் வந்த எண்ணிக்கைப்படி நீளவாக்கில் இத்தனை அடி, குறுக்கே இத்தனை அடி எடுத்து வைக்க வேண்டும். போய் நிற்கும் இடத்தில் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம். அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு, கைபேசிச் செயலியில் படத்தோடு ஏற்ற வேண்டும்.

நான் பார்த்த அன்று நிலத்துக்காரர் வரப்பிலிருந்து, "தம்பி, அந்த மூலையில தண்ணி தேங்கி பயிரே இல்ல, அங்க ஒண்ணு அறுங்களேன்" என்றார். கயிறு பிடித்திருந்த இளைஞர், "சீட்டுல வந்தது இதுதாங்கய்யா" என்றார். "இது நல்லா வெளஞ்ச எடமாச்சே தம்பி." பதில் இல்லை. இளைஞர் மேல் எனக்குப் பாவமாகவும் இருந்தது, மரியாதையாகவும் இருந்தது. விவசாயிக்கு மோசமான இடம் வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கு நல்ல இடம் வேண்டும், அலுவலருக்கு வரப்போரமாக, சேற்றில் இறங்காமல் முடிகிற இடம் வேண்டும். சீட்டு மூன்று பேர் ஆசைக்கும் குறுக்கே நிற்கிறது.

இதில் ஒரு கிலோ பிசகினால் என்ன ஆகும்? 25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் 400ல் ஒரு பங்கு. ஒரு கிலோ தவறினால் ஹெக்டேருக்கு 400 கிலோ தவறும். ஏக்கருக்கு ஏறக்குறைய 162 கிலோ, கொள்முதல் நிலையத்துக் கணக்கில் நாற்பது கிலோ சிப்பம் நாலு. ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கான மாக்கணக்கில் சொன்னால் மாவுக்கு 54 கிலோ. கிராமத்தின் உத்தரவாத மகசூல், அதாவது கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை வைத்துப் போடும் வரம்பு, ஹெக்டேருக்கு 4,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாலு இடத்திலும் ஈரத்தோடு எடை போட்டு ஒரு கிலோ கூடக் காட்டிவிட்டால், 3,600 என்று வர வேண்டிய மகசூல் 4,000 என்று வரும். கிராமத்துக்கு வர வேண்டிய பத்து சதவீத இழப்பீடு அன்றைக்கே அந்தத் தராசில் போய்விடும். குறைதீர் கூட்டத்தில் "பக்கத்து ஊருக்கு வந்துச்சு, எங்களுக்கு ஏன் வரல?" என்று எழும் சத்தத்துக்குப் பின்னால் சில சமயம் வெள்ளம் இருக்கும், சில சமயம் இந்தத் தராசு இருக்கும்.

அந்த இளைஞருக்கு எத்தனை நாள் பயிற்சி என்று கேட்டேன். அரை நாள் கூட்டம், ஒரு வாட்சப் வீடியோ. மேலே இருப்பவர்களுக்கு ஓராண்டு, ஈராண்டுப் படிப்பு. என் ஆதங்கம் இதுதான்.

படிப்புகளுக்குக் குறைவில்லை. திட்டங்களை மதிப்பிடுவதற்கென்றே மத்திய அரசு 1952ல் ஓர் அமைப்பை உருவாக்கியது. 2015ல் அது நிதி ஆயோக்கின் கீழ் வளர்ச்சிக் கண்காணிப்பு, மதிப்பீட்டு அலுவலகமாக மாறியது. டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் 1954 முதல் இருக்கிறது. சென்னையில் 1971ல் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், அதே ஆண்டு அமைந்த மாநிலத் திட்டக் குழு, மதிப்பீடு மற்றும் பயன்பாட்டு ஆராய்ச்சித் துறை என்று தமிழ்நாட்டிலும் இடங்கள் உண்டு. டெல்டாவின் வாசலில், திருச்சியில் உள்ள பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் 2022ல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்துக்குப் பாடம் நடத்துகிறது. இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டு அரசுத் துறைகளோடு வேலை செய்யவைத்து, கூடவே பொதுக் கொள்கையும் சொல்லித் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அடங்கல் எனும் சாகுபடிக் கணக்கை எழுதுகிற வி.ஏ.ஓ., கயிறு பிடிக்கிற இளைஞர், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதக் கருவியை வைத்து 17 சதவீதம் தாண்டியதா என்று பார்க்கிற பட்டியல் எழுத்தர், இவர்களுக்கு நீங்கள் எழுதும் எண் எங்கே போகிறது, எதைத் தீர்மானிக்கிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

மொழியையும் இங்கே சொல்ல வேண்டும். கேள்வித்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, அவசரமாகத் தமிழாக்கப்பட்டு வருகிறது. "உங்கள் சாகுபடிப் பரப்பு எத்தனை ஹெக்டேர்?" என்று கேட்டால் மன்னார்குடிப் பக்கத்துப் பெரியவர் முழிப்பார். அவருக்கு மா தெரியும், வேலி தெரியும். மூன்று மா ஓர் ஏக்கர் என்று கணக்கெடுப்பவருக்குத் தெரிய வேண்டும். "நிலம் உங்களுக்குச் சொந்தமா?" என்ற கேள்வி இன்னும் மோசம். கோயில் நிலத்தைத் தலைமுறையாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் 'ஆமா' என்றும் சொல்வார், 'இல்ல' என்றும் சொல்வார். அன்றைக்கு யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

எதை அளக்கிறோம் என்பதில் டெல்டாவுக்குப் பழைய, கசப்பான பாடம் ஒன்றும் உண்டு. 1960-61ல் ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு நாட்டில் ஏழு மாவட்டங்களில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் தொடங்கியது. அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து அதில் இடம்பிடித்தது தஞ்சாவூர். விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்ததால் பேக்கேஜ் புரோகிராம் என்று பெயர். 2021ன் 'தொகுப்பு' அதன் பேரப்பிள்ளை. 60களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்து குறுவையில் நன்றாகப் பரவியது. அந்தத் திட்டத்தை மதிப்பிட நிபுணர் குழுவே இருந்தது. அவர்கள் முக்கியமாகப் பார்த்தது மகசூல், உரப் பயன்பாடு, கடன்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பின்னணியில் இருந்தது அறுவடைக் கூலிப் போராட்டம். விளைச்சல் கூடும்போது கூலி கூடுகிறதா, வெளியூர் ஆட்களை இறக்குகிறார்களா, நிலமில்லாதவர் கை ஓங்குகிறதா தாழ்கிறதா என்ற கேள்விகள் மகசூல் அட்டவணையில் இருக்கவில்லை. 1969ல் மத்திய உள்துறை அமைச்சகம் நிலப் பதற்றங்களைப் பற்றித் தனி அறிக்கை எழுதியது, மாநிலம் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டும் சம்பவத்துக்குப் பிறகு. ஒரு திட்டத்தின் குறியீட்டுப் பட்டியலைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது, அதில் நடவாளும் அறுப்பாளும் எந்த வரிசையில் வருகிறார்கள் என்பதை. பல பட்டியல்களில் 'பயனாளி' என்றால் பட்டா உள்ளவர். நடவு இயந்திரத்துக்கு மானியம் கொடுத்தால் அது எத்தனை ஏக்கர் நட்டது என்று எண்ணுவார்கள். அந்த ஏக்கரில் முன்பு நட்ட பெண்களுக்கு அந்த ஆண்டு எத்தனை நாள் வேலை போனது என்று கேட்க ஒரு கட்டம் இருக்காது.

நீண்ட காலம் பின்னோக்கிப் பார்க்க டெல்டாவில் வசதியும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916ல் தன் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து ஊர்களைக் கணக்கெடுக்க அனுப்பினார். அப்படிப் பதிவான ஊர்களில் ஒன்று அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, இன்று நாகை மாவட்டம். 1930களிலும் பிறகும் அதே ஊருக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். 2019ல் பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் சேர்த்தே கணக்கெடுத்தார்கள். நூறு ஆண்டு இடைவெளியில் ஒரே ஊரை ஒப்பிட வாய்ப்பது உலகத்தில் அதிக இடங்களில் இல்லை. கொள்கை படிக்க வருகிறவர்களைப் பத்து நாள் இப்படி ஓர் ஊரில் தங்கவைத்தால், வகுப்பறையில் ஒரு பருவம் முழுக்க நடத்துவதைவிட அதிகம் கற்பார்கள் என்பது என் கணிப்பு.

தூர் வாரலுக்கு வருவோம். அதை ஒழுங்காக மதிப்பிட நோபல் பரிசு முறை எதுவும் வேண்டியதில்லை. தூர் வாரிய வாய்க்கால் பத்து, வாராதது பத்து. இரண்டிலும் கடைசி மதகில் ஒரு நோட்டு. முந்தைய ஆண்டும் இந்த ஆண்டும் தண்ணீர் வந்த தேதி, நாற்று விட்ட தேதி, எத்தனை நாள் முறை வைத்தார்கள் என்ற மூன்று பத்தி. எழுதுவதற்கு லஸ்கர் இருக்கிறார், பல இடங்களில் ஒருவரே பல மைல் பார்க்கிறார் என்றாலும். அவருக்கு உதவியாகக் கடைமடையில் தினமும் காலையில் சைக்கிளில் போய் வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டு வருகிற விவசாயிகள் நாலு பேராவது ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். தேதி கேட்டால் மணியோடு சொல்வார்கள்.